ஒதுங்கலில் ஒட்டிய பச்சை

என் வெள்ளைச் சட்டையின் முழங்கையில் பச்சைப் பெயிண்ட். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரி கேட்டாள்: “இந்த வயசுல எந்தச் செவுத்துல போய் உரசிட்டு வாரீக?” பதில் நீளம் என்பதால் இருமிச் சமாளித்தேன். உங்களிடம் சொல்லலாம், நீங்கள் சட்டை துவைக்கப் போவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம், நான் பிறந்து வளர்ந்த முடுக்கின் சுவர்தான் அது. முடுக்கு என்றால் ஒடுக்கமான சந்து. இருபுறமும் வீட்டு வாசல்கள். நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடக்கலாம், இரண்டு ஆள் என்றால் சங்கடம். மேற்கு முனையில் மலை, கதவிடுக்கில் எட்டிப்பார்க்கிற ஆள் மாதிரி ஒரு கீற்றாகத் தெரியும். பாதி வழியில் சுவர் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு உள்வாங்கியிருக்கும். அதற்குப் பெயர் ஒதுங்கல். எதிரே சுமையோடு யாராவது வந்தால் வெறுங்கையாக வருகிறவர் அதற்குள் நின்று வழிவிட வேண்டும். இருவருமே வெறுங்கை என்றால் வயதில் சின்னவர் நிற்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது ஓர் ஆணியால். பெரியப்பா சைக்கிள் டியூப் மாட்டுவதற்காக ஒதுங்கல் சுவரில் ஆணி அடித்தார். பொதுச் சுவரில் எப்படி அடிக்கலாம் என்றார் அப்பா. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஆனாலும் முடுக்கு ஒன்றுதானே? சின்னவரான அப்பாதான் ஒதுங்க வேண்டும். மனசு வருமா? வெளியே கிளம்பும்போதெல்லாம் எதையாவது தூக்கிக்கொள்ள ஆரம்பித்தார். டீ குடிக்கப் போனவர் மடக்கு நாற்காலியோடு போனார். பெரியப்பா மட்டும் லேசுப்பட்டவரா? அவரும் மூட்டை சுமந்தார்.

ராஜபாளையத்து மில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்து, முதல் நாள் கிளம்புகிறேன். முன்னால் அப்பா, தோளில் ஆட்டுக்கல் குழவி. எதிரே பெரியப்பா, தலையில் பஞ்சு மூட்டை. ஒதுங்கலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றுவிட்டார்கள். எனக்குப் பின்னால் பால்காரர் சைக்கிள் மணியை அடித்தார். “நகருங்கய்யா, பாலு திரிஞ்சிரும்!”

எனக்குள் படம் ஓடியது. பஸ் போய்விட்டது, வேலை போய்விட்டது, எவனும் பெண் கொடுக்கவில்லை, கிழவனாகி இதே முடுக்கில் சாகிறேன், பாடைக்கும் இவர்கள் வழிவிடவில்லை. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் நடந்து முடிந்தது.

“ஏலே, அவியள ஒதுங்கச் சொல்லுலே,” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

“யாரு சொமை பெருசுன்னு அவனையே பாக்கச் சொல்லு,” என்றார் பெரியப்பா, மலையைப் பார்த்து.

“பெருசு கெடக்கட்டும். கனம் எதுன்னு கேளுலே!”

“பெரியப்பா, பஸ்ஸு போயிரும்!” மிதிபட்ட எலி மாதிரி வந்தது என் குரல்.

பெரியப்பா என் புதுச் சட்டையைப் பார்த்தார். பிறகு தம்பியின் தோளைப் பார்த்தார். குழவி நடுங்கிக்கொண்டிருந்தது. “கூறுகெட்டவன், கல்லக் கால்ல போட்டுக்கிடப் போறான்,” என்றபடி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒதுங்கலுக்குள் போனார். கடக்கும்போது அப்பா முனகினார்: “பாத்துண்ணே. பின்னால ஆணி.”

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது ஆணி இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் ராஜபாளையத்தோடு இருந்துவிட்டேன். இப்போது பழைய முடுக்குகளைப் பாதுகாக்க ஒரு திட்டம் வந்திருக்கிறது. வடிவமைக்க வந்த பெண், படத்தில் சுவரை நேராக்கி ஒதுங்கலை அடைத்திருந்தாள். அந்தப் படத்தைக் காட்டிய கூட்டத்தில் எதிர்த்துப் பேச எழுந்தேன். வீட்டில் கண்ணாடி முன் முழங்கிப் பார்த்த பேச்செல்லாம் ஆவியாகி, “அதுக்குள்ள எங்க பெரியப்பா நின்னாரும்மா” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒதுங்கலைக் காப்பாற்றியும் விட்டாள்.

நேற்று பார்க்கப் போனேன். ஆணி ஓட்டையைப் பூசி, வெள்ளையடித்து, விளக்கு வைத்திருந்தார்கள். யாரும் அசிங்கம் பண்ணிவிடக் கூடாதே என்று முன்னால் கம்பிக் கிராதி போட்டுப் பச்சை அடித்திருந்தார்கள். எதிரே அந்தப் பெண்ணே வந்தாள், இரண்டு கையாலும் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு. என் உடம்பு தானாக ஒதுங்கப் போய், முழங்கை கிராதியில் மோதியது.

“அங்கிள், பெயிண்ட் ஈரம்! இருங்க, நான் பின்னாடி போயிடறேன்.”

“சொமை ஒன் கையிலல்லா இருக்கு. நீ வாம்மா.”

பின்பக்கமாகவே நடந்தேன், முடுக்கு முழுக்க. இருபுறமும் பூட்டிய கதவுகள். வழிவிடச் சொல்லி என் முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணிச்சத்தம்கூடக் கேட்கவில்லை.