கோபால் கையெழுத்துப் போடும் வரை

சாராளை அடக்கம் செய்த அன்று போதகர், "பகையை மனசில் வைக்கத் தெரியாதவள்" என்றார். வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். கல்லறையருகே மறுத்துப் பேசக் கூடாதென்று நானும் சும்மா நின்றேன். ஆனால் அது பொய். ஐந்து மாதம் அவள் ஒரு பகையைப் பத்திரமாக வளர்த்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவளைப் பற்றி எழுதுவதானால் அதைத்தான் எழுத வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு சேரியில் பிறந்தவள். அப்பா அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போனவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப் கற்றுக்கொண்டு, ஒரு ரசாயன ஆலையில், ஆட்களின் வருகைக் கணக்கை அட்டையில் துளையிட்டுப் பதியும் வேலைக்குச் சேர்ந்தாள். 1972-இல் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த அறையின் பொறுப்பு அவளிடம் வந்தது.

யார் எந்த ஷிஃப்டில் வந்தார், யார் சொல்லி அதிக நேரம் தங்கினார் என்பதெல்லாம் ஒரு டேப்பில் இருக்கும். தினமும் மாலை மெஷின் பழைய டேப்பைப் படித்து, அன்றைய அட்டைகளையும் சேர்த்து, புது டேப் எழுதும். நடுவில் கரண்ட் போனால் புது டேப் பாதி சரியாகவும் பாதி குப்பையாகவும் நிற்கும். கும்மிடிப்பூண்டியில் கரண்ட் போகாத வாரம் கிடையாது. ஆகவே சாராள் தானாகவே ஒரு முறை வைத்திருந்தாள். சனிக்கிழமை டேப் ரயிலேறி சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அடுத்த சனிக்கிழமை வரை அன்றாட அட்டைகளில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. நடுவில் எது கெட்டாலும் சென்னை டேப்பை வைத்து, அட்டைகளை நாள் வரிசையில் மறுபடி ஓட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மெஷின் அட்டையைக் கடித்துவிடும் என்று அதன் வாய்க்கு எப்போதும் நகலைத்தான் கொடுப்பாள். அசல் அவள் மேஜைக்குள் இருக்கும். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் யாருக்கும் சொன்னதில்லை.

1974 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, என் கணவர் எம்பார் அந்த ஆலையின் தொட்டிக்குள் விஷவாயுவில் இறந்தார். அவர் அங்கே ஷிஃப்ட் கெமிஸ்ட். காலை ஷிஃப்ட் முடிந்த பிறகு, அடுத்த ஷிஃப்டும் இருந்து தொட்டிக்குள் இறங்கிப் பார்க்கச் சொன்னது மேனேஜர் கோபால். வாயு இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆலை சொன்னது வேறு: இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பியவர், எவர் அனுமதியும் இல்லாமல் திரும்பி வந்து இறங்கிவிட்டார்.

பதினாறாம் நாள் சாராள் ஊத்துக்கோட்டை வழியாக பஸ் மாறி திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை.

"உங்க ஊட்டுக்காரரு தானா எறங்கலை, பூமாம்மா. சொல்லி எறக்குனாங்க. அட்டையில இருக்குது."

என் கணவர் இறந்த அன்று மாலை மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கோபால் அறைக்குள் வந்து மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்திருக்கிறார். அவள் கண்ணெதிரே. பிறகு, "கரண்ட் போயிடுச்சு. டேப்பை நாசம் பண்ணிட்டியேம்மா" என்றாராம். மெஷினில் இருந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு போய்க் கொளுத்தினார். அலமாரியில் இருந்த செவ்வாய்க்கிழமை டேப்பையும் அழிக்கச் சொன்னார். மறுநாள் அஜாக்கிரதை என்று சாராளை வேலையை விட்டு நீக்கினார். அவர் கொளுத்தியது நகல். அசல் மூன்று நாள் அட்டைகளும் அன்றே சாராளின் வீட்டுக்குப் போய்விட்டன. சனிக்கிழமை டேப் சென்னையில் இருந்தது.

"நாளைக்கே தொழிற்சாலை ஆய்வாளரிடம் போகலாம்" என்றேன்.

"போனா இன்னா ஆவும்? 'ஐயோ, மறந்துட்டேன்'னு சொல்லிக்கினு போயிடுவான். அவன் முதல்ல எழுதிக் குடுக்கட்டும். டேப்பு கெட்டுப் போச்சு, திரும்ப எடுக்க முடியாது, நான் யாரையும் எறங்கச் சொல்லலைன்னு கையெழுத்து போடட்டும். அப்பால வச்சிக்கலாம்."

"அதற்குள் டேப்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

"ஆவலாம்" என்றாள். "ஆறு மாசம் ஆச்சின்னா மெட்ராஸ்ல அது மேலயே வேற எழுதிடுவாங்கோ."

ஆய்வாளரின் விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மாதம் ஒருமுறை சாராளோடு சென்னைக்குப் போவேன். தலைமை அலுவலக டேப் அறையில் இருந்த மோசஸ் அவளைக் கண்டதும் சிரிப்பார்.

"வந்துட்டியா? இது இன்னா டேப்பா, உன் ஊட்டு சீதனமா?"

"சீதனம்தான்ணே. எவனும் தொடாம பாத்துக்கோ."

ஐந்தாம் மாதம் அவர் சிரிக்கவில்லை. "பிப்ரவரி ஒண்ணாந்தேதி வேற எழுத இதை எடுத்துக் குடுத்துடணும் சாராளு. என்னை ஒண்ணும் சொல்லாத" என்றார். திரும்பும் ரயிலில் எனக்குச் சாராள்மேல் ஆத்திரமாக வந்தது. என் கணவர் பெயரை வைத்துச் சூதாடுகிறாள் என்று நினைத்தேன்.

ஜனவரி இருபதாம் தேதி விசாரணையில் கோபால் எழுதிக் கொடுத்தார். அவள் எதிர்பார்த்த மூன்று வாக்கியங்களும் இருந்தன. கீழே கையெழுத்து. அது காயும் முன்பே சாராள் எழுந்து, சென்னை டேப்பை ஓட்டிப் பார்க்கக் கேட்கும் தன் மனுவை ஆய்வாளரிடம் நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்து, சென்னை டேப் அறையில் ஆய்வாளர் முன்னிலையில் மோசஸ் மெஷினை ஓட்டினார். கோபாலும் இருந்தார். சனிக்கிழமை டேப், அதன்மேல் திங்கள், செவ்வாய் அட்டைகள். செவ்வாய் வரை வந்த பட்டியலை, அன்றைக்குக் கோபாலே கையெழுத்திட்டிருந்த பழைய பட்டியலோடு ஆய்வாளர் ஒப்பிட்டார். ஒரு எழுத்துகூட மாறவில்லை. பிறகு புதன் அட்டைகள். நடுவில் கரண்ட் போகக் கூடாதே என்று நான் மேலே எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காகிதம் வெளியே வந்தது. எம்பார். இரண்டாம் ஷிஃப்ட். தொட்டிப் பணி. உத்தரவிட்டவர் எண் ஏழு. சாராள் அந்த அசல் அட்டையை ஆய்வாளர் கையில் கொடுத்தாள். ஓரத்தில் பென்சிலால் கோபாலின் சுருக்கொப்பம்.

"ஏழு யாரு நம்பரு சார்?" என்று கோபாலைக் கேட்டாள்.

அவர் எதையோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க. இந்தம்மாவுக்குக் கேக்கலை."

"என்னுடையது."

"இன்னொரு தபா."

"போதும்மா, விடு" என்றார் ஆய்வாளர்.

"போதாது" என்றேன் நான். அந்த அறையில் நான் பேசிய ஒரே வார்த்தை அது. கோபால் மறுபடியும் சொன்னார்.

பொய் வாக்குமூலத்துக்குத்தான் அவருக்குச் சிறை கிடைத்தது. முன்னமே போயிருந்தால் அபராதத்தோடு தப்பியிருப்பார். சாராளைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அதே அறை, அதே மேஜை.

தீர்ப்புக்கு முன்பு ஒரு பகலில் கோபாலின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். கருணை காட்டும்படி நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையுமாம். வெகுநேரம் அழுதாள். நான் எழுதவில்லை. மறுவாரம் சாராளிடம் சொன்னேன்.

"அப்ப ஒண்ணுமே குடுக்கலியா, பூமாம்மா?"

"தண்ணீர் கொடுத்தேன்."

"அது போதும்" என்றாள்.