உப்பில் ஊறிய பலகைகள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. செத்துப்போன என் தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டும் அதில் சேர்த்தி. ஆறு பேரையும் கரையேற்றினேன். இனி எதற்கும் நான் ஆடிப்போக மாட்டேன் என்று ஒரு நினைப்பு இருந்தது. போன தை மாதம் ஒரு காட்டேஜ் கேட்டுக்கு முன்னால், ரோட்டிலேயே உட்கார்ந்தேன் பாருங்கள், அதோடு அந்த நினைப்பு போயிற்று.

நாங்கள் இருப்பது கொடைக்கானல் போகிற வழியில், பெருமாள்மலைக்குக் கொஞ்சம் மேலே. என் வீட்டுக்காரர் தச்சர். அவர் செய்த கதவுகளில் பூ வேலை பாதி என்னுடையது; அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் போன பிறகு உளியெல்லாம் கோணிச்சாக்கில் கிடந்தது. ஒரு மழைக்காலம், கை சும்மா இருக்கமாட்டாமல் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பெயர்ப் பலகை செதுக்கி மாட்டினேன். ஓரத்தில் ஒரு குறிஞ்சிக் கொத்து. அதைப் பார்த்து ஒரு ஜீப் நின்றது. "இதே மாதிரி எங்க காட்டேஜுக்கு ஒண்ணு வேணும், பாட்டி" என்றார்கள். தொழில் அப்படித்தான் தொடங்கியது, சமையலறைக்குப் பின்னால், விறகு வைக்கிற இடத்தில்.

எனக்குப் படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எந்த எழுத்தானாலும் வளைவும் நெளிவும்தானே. என்னோடு இருக்கிற பேத்தி பேப்பரில் பெரிதாக வரைந்து கொடுப்பாள். நான் கார்பன் தாள் வைத்துப் பலகையில் இறக்கித் தோண்டுவேன். விரல் நுனி உள்ளே போகிற ஆழம். அதில் நான் குறைத்ததே இல்லை.

தொல்லை மரத்தில்தான் வந்தது. மில்லிலிருந்து வருகிற சில்வர் ஓக் பலகை ஈரமாக இருக்கும். இந்த ஊர் காலைப்பனியும் மத்தியான வெயிலும் சேர்ந்து அதை நடுவில் பிளந்துவிடும். ஒருவர் பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து, "பாட்டி, பேருக்கு நடுவுல நீங்க கோடு போடலை, அதுவே போட்டுக்கிச்சு" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் வைத்த குழம்பைக்கூட அதுவரை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் போடும்போதுதான் யோசனை வந்தது. உப்பில் கிடக்கிற காய் வெடிப்பதில்லையே. பழைய அண்டாவில் கல்லுப்பைக் கரைத்துப் பலகைகளை ஊறப்போட்டேன். எடுத்து நிழலில் உலர்த்திச் செதுக்கினேன். வார்னிஷ் அடிக்கமாட்டேன், மரம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். லேசாக எண்ணெய் தடவுவதோடு சரி. அதன்பிறகு ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, பள்ளிக்கூடத்து ரோட்டில், எங்கு பார்த்தாலும் என் பலகை தொங்கியது. உப்பு விஷயத்தைப் பேத்தியிடம்கூட நான் சொல்லவில்லை.

பிறகு ஒரு காட்டேஜிலிருந்து போன். "பாட்டி, போர்டைக் காணோம்." எனக்கு உள்ளூரப் பெருமைதான். திருடுகிற அளவுக்கு என் வேலை உயர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்து ஒருவர், சங்கிலி அறுந்து பலகை சாக்கடையில் கிடப்பதாகச் சொன்னார். அதற்கடுத்தவர் பேத்தியின் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். நான் தோண்டிய எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கி, ஆற்றுக்கல் மாதிரி வழவழவென்று கிடந்தது.

"எவனோ வேணும்னே ராவிருக்கான். ஃப்ளெக்ஸ் போர்டு கடைக்காரன் வேலைதான் இது" என்றேன்.

"அவருக்கு வேற சோலி இல்லையா, அப்பத்தா" என்றாள் பேத்தி.

நேரில் பார்த்துவிடுவது என்று மறுநாள் வெள்ளனே அவள் ஸ்கூட்டரில் கிளம்பினோம். சென்னையிலிருந்து வந்து காட்டேஜ் நடத்துகிற ஒரு அம்மாவுக்குப் புதிதாகப் பலகை கொடுத்திருந்தேன். அங்கே போய்க் காவல் இருப்பது எங்கள் திட்டம். பனி இறங்கிக் கிடந்தது. கடைசி வளைவில் பேத்தி சட்டென்று பிரேக் போட்டு, என் தொடையைப் பிடித்து அமுக்கினாள்.

கேட்டுக்கு முன்னால் காட்டுமாடு நின்றது. ஆள் உயரத்துக்கு முதுகு. கருத்த உடம்பு, காலில் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. என் பலகையை நக்கிக்கொண்டிருந்தது. கன்றை நக்குகிற மாதிரி, மேலிருந்து கீழே, அவசரமே இல்லாமல். ஒவ்வொரு இழுப்புக்கும் சங்கிலி கிணுங்கியது.

அந்த நேரம் பார்த்து, கீழேயிருந்து பால்காரம்மா கேனோடு ஏறி வருகிறாள். தலையில் முக்காடு, பார்வை தரையில். எங்கள் வீட்டுக்கும் அவள்தான் பால். நான் கத்துவதற்குள் மாடு திரும்பியது. தலையைத் தாழ்த்தி ஒரே வீச்சு. கேன் பறந்தது, அவளும் பறந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. மாடு வேலியைச் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், சாக்கடைக்குள் பாலும் சேறுமாக உட்கார்ந்திருக்கிறாள். கொம்பு கேனில்தான் பட்டிருந்தது. கால் மட்டும் பிசகியிருந்தது.

"நம்ம மாடு உதைச்சாலும் பால் குடுக்கும், பெரியம்மா. இது இருந்த பாலையும்ல கொட்டிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

பேத்தி அவளைத் தூக்கிவிட்டாள். நான் பலகைக்கிட்டே போனேன். எச்சிலும் பனியுமாக மினுமினுத்தது. ஓரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. என் அண்டாவில் நான் கரைத்த உப்பு. அப்போதுதான் ரோட்டில் உட்கார்ந்தேன். ஊரெல்லாம் கேட்டுக்குக் கேட்டு நான் மாட்டி வைத்திருந்தது என்ன என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

மாடியில் நாலைந்து பேர் போனும் கையுமாக நின்றார்கள். காட்டேஜ் அம்மா இறங்கி வந்து, பால்காரம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்தார்.

"பாட்டி, பயப்படாதீங்க. உங்க போர்டு வந்ததுலேர்ந்து தினமும் காலைல வருது. கெஸ்ட் எல்லாம் இதைப் பாக்கவே புக் பண்றாங்க. இன்னும் ரெண்டு போர்டு செஞ்சு குடுங்க, கார்டன் பக்கம் மாட்டலாம்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாடு திரும்பிப் பாய்ந்தபோது எனக்கு இருந்த அதிர்ச்சி பெரிதா, இது பெரிதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எழுந்து சங்கிலியைக் கழற்றினேன்.

"என்ன பாட்டி இது? நான் வாங்கின போர்டு!"

"நீங்க வாங்குனது உங்க வீட்டுப் பேரை, தாயி. அதை வேற பலகைல செதுக்கித் தாரேன். மாட்டைக் கூப்பிடுறதுக்கு எங்கிட்ட பலகை கெடையாது."

அன்றிலிருந்து பேத்தியும் நானும் வீடு வீடாகப் போய்ப் பலகைகளை இறக்கினோம். உண்மையைச் சொன்னோம். சிலர் சிரித்தார்கள், சிலர் வைதார்கள். இனி உங்கள் பலகையே வேண்டாம் என்றும் சிலர் சொன்னார்கள். எல்லாச் சொல்லையும் வாங்கிக்கொண்டேன். இப்போது பலகையைக் காயவிட்டுத்தான் செதுக்குகிறேன், மாதக்கணக்கானாலும். வார்னிஷும் அடிக்கிறேன். அந்தக் காட்டேஜுக்கும் புதுப் பலகை போய்விட்டது. அது போகும்வரை, அந்த மாடு தினமும் வந்து வெறும் சங்கிலியை மோந்து பார்த்துவிட்டுப் போகும் என்று பால்காரம்மா சொன்னாள். அவள் இப்போது எந்த வளைவானாலும் முன்னாலேயே கேனைத் தட்டிக்கொண்டுதான் ஏறுகிறாள்; எங்கள் வீட்டுக்கு வரும்போதும் அப்படித்தான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கை உளியோடு நின்றுவிடுகிறது.

மலையில் பலகை செய்கிற யாரும் மரத்துக்கு உப்பு காட்டாதீர்கள். அதற்காகத்தான் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

ஏத்தா, எழுதுனது போதும். நான் ரோட்டுல உக்காந்ததை நாசூக்கா விட்டுட்டியா, அதையும் எழுதிருக்கியான்னு பாக்கணும். மொதல்லேர்ந்து வாசி.