கையை எடுத்தால் நிற்கும் வண்டி

பிள்ளைகளே, கொழும்பில் ஒரு பெரியவர் இறந்துபோனதால்தான் இந்த வண்டி நமக்கு வந்தது. என் காலத்துக்குப் பிறகு நீங்களும் இதை யாருக்காவது கொடுப்பீர்கள். சாவியையும் சார்ஜரையும் மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். இதையும் வாசித்துக் காட்டுங்கள். எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறியவன் நான், பிறகு டிரைவரானேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

சர்க்கரை வியாதியில் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது உங்கள் அம்மா இருந்தாள். பிடித்து உட்கார வைக்கவும், பிடித்துத் தூக்கவும் ஆள் இருந்தது. அவள் கண்ணை மூடிய பிறகு கக்கத்தில் ஊன்றும் கட்டைக்கோல்தான். மழை நாளில் லயத்து வரிசை வீட்டு வாசல் பாசி பிடித்து வழுக்கும். கடைக்குப் போக வேண்டுமென்றால் யாராவது அந்தப் பக்கம் போகும்வரை முன்திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நம் லயத்தில் பாதி வீட்டுக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். சில நாள் பொழுது சாயும்வரை ஒருவரும் போகமாட்டார்கள்.

உங்களில் மூத்தவளான என் மகள் வேலை செய்யும் கொழும்பு வீட்டுப் பெரியவர் ஓட்டிய வண்டி அது. பேட்டரியில் ஓடும், நாலு சக்கரம், உட்கார ஒரு சீட், முன்னால் ஒரு கூடை. அவர் போன பிறகு மகள் கேட்டு வாங்கினாள். மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வெறுமையாகத் திரும்பிய லொறியில் வந்து இறங்கியது. சீட்டில் பல நாள் லீக்ஸ் வாசம் அடித்தது. வண்டி வந்த அன்றே மகள் போனில் சொன்னாள்:

"ஓட்டுங்கப்பா. ஆனா ஒரு தடவ விழுந்தீங்கன்னாலும் பேச்சே இல்ல. துணிமணிய எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்துறணும்."

"லொறி ஓட்டுனவன் நானு, புள்ள."

"அதாம்பா எனக்குப் பயமே."

கொழும்புப் பக்கம் வத்தளையில் அவள் இருப்பது ஒரே அறை வீடு. மருமகன் விடியலில் போய்விடுவார், அவளும் போய்விடுவாள். வருகிறவரை கதவைப் பூட்டி வைத்திருக்க வேண்டும். நான் அதற்குள்தான் இருக்க வேண்டும். இங்கேயும் நான் தனியாள்தான். ஆனால் இங்கே சாவி என் கையில் இருக்கிறது.

அதனால் வண்டியை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். வாசல் படியில் ஏறாது, ஆகவே இஸ்தோப்பில்தான் நிற்கும். ஜன்னல் வழியாக வயரை விட்டு சார்ஜ் போடுவேன். ஓட்டி வந்த அன்றே போட வேண்டும், நாளைக்கென்று விட்டால் பேட்டரி செத்துப்போகும். ஓட்டாத வாரத்திலும் ஒரு தடவை போட்டுவிட வேண்டும். சார்ஜர் தண்ணீர் படாத இடத்தில் இருக்க வேண்டும், அதன்மேல் துணி போட்டு மூடக் கூடாது, சூடாகும். நம் ஊரில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் ஈரமாக்கிவிடும். சார்ஜர் குத்துகிற ஓட்டையை உலர்ந்த துணியால் துடைத்த பிறகுதான் குத்துவேன். உங்கள் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்குத் துணி ஒன்று கொடியில் கிடந்தது. அதை எடுத்து வண்டிக்குப் போர்த்தினேன். அவள் இருந்தால் திட்டியிருப்பாள், பிறகு அவளே நுனியை இழுத்துவிட்டிருப்பாள்.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு லீவர் இருக்கிறது. அதை இழுத்தால் மோட்டர் சக்கரத்திலிருந்து விட்டுப்போகும், வண்டியைக் கையால் தள்ளலாம். சந்திக்கு இறங்கும் பாதையில் ஒருநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கொழுந்து லொறியில் இறக்கம் வந்தால் நாங்கள் நியூட்ரலில் போட்டு விட்டுவிடுவோம். டீசல் மிஞ்சும். இந்த ரோட்டில் ஓட்டிய எல்லா டிரைவரும் செய்கிற வேலைதான். இதிலும் அப்படி விட்டால் பேட்டரி மிஞ்சுமே, ஏற்றத்துக்கு உதவுமே என்று நினைத்தேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே, இறக்கம் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, கையைப் பின்னால் விட்டு லீவரை இழுத்தேன்.

லொறியை நியூட்ரலில் விட்டாலும் காலடியில் பிரேக் இருக்கும். இந்த வண்டிக்குப் பிரேக்கே மோட்டரில்தான் இருக்கிறது. மோட்டரைக் கழற்றினால் பிரேக்கும் போச்சு. அது எனக்குத் தெரியவில்லை.

முதலில் நல்லாத்தான் இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வேகமாகப் போகிறேன், சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். பிறகு வளைவு தெரிந்தது. ஓட்டுவதற்குப் பெருவிரலால் அமுக்கும் கட்டையை விட்டேன், விட்டால் நிற்கிற வண்டி அது. நிற்கவில்லை. பின்பக்கம் இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் பள்ளம், அதற்குக் கீழே ஆறு. பிரேக் பிடிக்காவிட்டால் மலைப்பக்கம் முட்டு என்று பழைய டிரைவர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். ஹேண்டிலை மலைப்பக்கம் திருப்பினேன். முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது, வண்டி சாய்ந்தது, நானும் கானுக்குள் விழுந்தேன்.

கானில் கிடந்து வானத்தைப் பார்த்தேன். முழங்கை எரிந்தது. சக்கரம் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தவில்லை. கத்தினால் யாருக்குக் கேட்கப்போகிறது என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு விழுந்த வலியைவிட மோசமாக இருந்தது.

ஆனால் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள்.

"ஐயோ அண்ணே! எங்கண்ணே அடிபட்டுச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கைய மட்டும் குடுங்க."

தூக்கி உட்கார வைத்து, கை காலெல்லாம் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒருத்தி வாயைத் திறந்தாள். "கொழுந்து லொறிய ஒருநாளும் கவுக்காத மனுசன், பொம்ம வண்டிய கவுத்துட்டாரே!"

"சும்மா இருடி. பறந்து வந்தாரு பாத்தியா? ஏரோப்ளேனே தோத்துச்சு போ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லீவரைப் பழையபடி தள்ளி, வண்டியையும் என்னையும் வீட்டில் சேர்த்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, கொழுந்து நிறுக்க நேரமாச்சு என்று ஓடினார்கள். தேத்தண்ணியை நான் குடித்து முடிக்கவில்லை, அதற்குள் போன் அடித்தது.

"அப்பா, பறந்தீங்களாமே?"

தோட்டத்தில் செய்தி அப்படித்தான் போகும்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் பெரிய பை ஒன்று இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதைக் கட்டிலில் போட்டாள். என் சட்டைகளுக்காகக் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள், தொடவில்லை.

"ஏம்பா அந்த லீவர இழுத்தீங்க?"

"இந்த வண்டியில ஒக்காந்துக்கிட்டு நான் லொறி ஓட்டிட்டேன் புள்ள."

அவள் சட்டைகள் தொங்கிய கொடியைப் பார்த்தாள்.

"பை கெடக்கட்டும்," என்றேன். "சந்தி வரைக்கும் என்கூட நட. பாத்துட்டு அப்புறம் சொல்லு. நீ என்னா சொன்னாலும் கேக்குறேன்."

படங்கை எடுத்து மடித்தேன். சிவப்பு லீவர் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பார்த்தேன். அவளையே வண்டியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அசையவில்லை. சக்கரங்களை அமுக்கிப் பார்த்தேன், காற்று குறைந்தால் ஒரு பக்கம் இழுக்கும். பனிமூட்டத்தில் லொறிக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமென்று சீட்டுக்குப் பின்னால் உயரக் கம்பியில் செம்மஞ்சள் துணி கட்டியிருக்கிறேன், அதை இறுக்கினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாவியைத் திருப்பினேன். சாவி போட்டபடி ஏறினால் கை தவறிக் கட்டையில் படும், வண்டி போய்விடும். வேகம் வைக்கிற குமிழை ஆமைப் படத்துக்குத் திருப்பினேன்.

"முயல் படமும் இருக்கேப்பா."

"அது கடற்கர ரோட்டுக்கு. நமக்கு ஆமதான்."

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

இறக்கம் தொடங்கும்போது அவள் கை சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டது. "கைய எடு புள்ள," என்றேன். கொஞ்சம் பொறுத்து எடுத்தாள். நேராக இறங்கினேன், குறுக்கே திருப்பவில்லை, குறுக்கே திருப்பினால்தான் சாயும். நான் விழுந்த அந்த வளைவில், சரிவின் நடுவில், பெருவிரலை எடுத்தேன். வண்டி சட்டென்று நின்றது.

"இன்னொருக்கா," என்றாள். செய்தேன். பக்கத்தில் நின்றவள் முன்னால் வந்து, வண்டியின் வழியில் நின்றுகொண்டாள். "இப்ப வாங்க." அவளுக்கு ஓரடி முன்னால் கையை எடுத்தேன். நின்றது.

அவள் பள்ளத்துப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தாள். பனிமூட்டம்தான் என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி, கட்டிலில் கிடந்த பையை எடுத்தாள். சட்டைக் கொடியின் பக்கம் போகவில்லை. பின்வாசல் தோட்டத்தில் போஞ்சியும் பீட்ரூட்டும் பறித்து, அந்தப் பையை நானே நிரப்பினேன். வெறும் பையோடு அவளை எப்படி அனுப்புவது?

பின்னேரம் பஸ் ஏற்றிவிடச் சந்திக்கு மறுபடி இறங்கினோம். பை என் கூடையில். பஸ் படியில் ஏறியவள் திரும்பி, "மழையில எடுக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள். கொழும்பு, கொழும்பு என்று கண்டக்டர் கத்தினான். பஸ் போய்விட்டது.

நான் திரும்பினேன். ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்த்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் எழும்பப் பார்க்கும். மோட்டர் முனகியது. வளைவில் நிறுத்திக் கீழே பார்த்தேன். பஸ் அடுத்த மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டதால் வண்டி சரிவில் அப்படியே நின்றது. பஸ் சத்தம் அடங்கும்வரை நானும் நின்றேன். இங்கேயே இருக்க வேண்டுமென்று கேட்டது கிடைத்துவிட்டது. மேலே பூட்டிய காம்பராக்கள் வரிசையாகத் தெரிந்தன, நடுவில் நம் கதவு.

வீட்டுக்கு வந்து, துடைத்து, சார்ஜ் போட்டு, சார்ஜரிலும் வயரிலும் படாமல் படங்கைப் போர்த்தினேன். பஸ் கினிகத்தேனை ஊரைத் தாண்டியதும் மகள் போன் செய்தாள்.

"லீவரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேன் புள்ள."

போனில் அவள் போகிற பஸ் சத்தம் எனக்குக் கேட்டது. இங்கிருந்து அவளுக்கு என்ன கேட்டதோ தெரியாது. வெகுநேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.