எல்லைக் கிளுவை

கிளுவை இலையைக் கசக்கினால் வரும் மணத்துக்கு நான் இன்றும் ஏங்குகிறேன். எங்கள் ஊர் சரவணையில் வேலியெல்லாம் கிளுவைதான். ஒரு தடியை வெட்டி நட்டால் போதும், தண்ணீர் கேட்காமல் துளிர்க்கும். காகிதம்போல உரியும் பட்டைக்குக் கீழே பச்சைத் தோல். அதைக் கீறினால் பால் கசிந்து பிசினாகத் திரளும். ஆயுர்வேதக்காரர் கொண்டாடும் குக்குலு மரத்துக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்பார், எங்களுக்கு மருந்து தரும் பரியாரியார்.

வருடாவருடம் ஆட்டுக்குக் குழை வெட்டுவதால் ஊரில் எந்தக் கிளுவையும் பருத்ததில்லை, ஒன்றைத் தவிர. அது எங்கள் வீட்டு வளவுக்கும் பெரியப்பாவின் வளவுக்கும் நடுவே நின்றது. மரம் யாருடையது என்று அப்பாவும் பெரியப்பாவும் நான் பிறக்குமுன்பே சண்டை பிடித்து, இருவருமே அதில் கத்தி வைப்பதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் முன் சொல்லிப் பிரிந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை நின்றது. மரம் மட்டும் நன்றாகக் கொழுத்தது.

ஒரு மாரி முடிவில் அப்பாவின் முழங்கால் வீங்கியது. அவர் கிணற்றுத் துலா மிதித்தால்தான் எங்கள் புகையிலைக்குத் தண்ணீர்.

"முத்தின கிளுவையின்ரை பிசின் வேணும். அதைப் பூசிப் பத்துப் போடாட்டி கால் இப்பிடியே விறைச்சுப்போம்," என்றார் பரியாரியார். எல்லோரும் அந்த மரத்தைப் பார்த்தோம்.

"ஏலாது. நாலு பேருக்கு முன்னாலை சொன்னனான்," என்று அப்பா கதிரையில் சாய்ந்துகொண்டார்.

அம்மா கெஞ்சிப் பார்த்தார். எனக்கோ கோபம்தான் வந்தது. காலைவிட ரோசம் பெரிதாம்!

கிளுவையில் கட்டிய தென்னோலைக் கிடுகு அப்பாவின் முனகலை மறைக்காது. மறுநாள் காலை எங்கள் படலையைத் திறந்துகொண்டு பெரியப்பா வந்தார், கையில் கத்தியோடு. அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் யாரையும் பாராமல் நேரே மரத்தடிக்குப் போய், எங்கள் பக்கத்துப் பட்டையைக் கீறிவிட்டுத் திரும்பினார். அடுத்த நாளும் வந்து, திரண்டிருந்த பிசினைச் சிரட்டையில் வழித்தெடுத்து, அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்கடை பக்கத்திலை கீறியிருக்கலாமே," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

"அங்காலை கீறினா என்ரை பிசினெண்டு நீ பூசமாட்டாய். எனக்குத் தெரியாதே?"

 அப்பா வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிவிட்டு, குசினியில் நின்ற அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், அண்ணைக்குத் தேத்தண்ணி போடும்."

அப்பாவின் வாயில் 'அண்ணை' என்ற சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை.