வடத்தை யார் விடுவது?

நான் சொல்பவற்றில் பொய் உண்டு. கரடியும் நானும் ஒரே மல்பெரி மரத்தில் ஆளுக்கொரு கிளை பிரித்துக்கொண்டு பழம் தின்றோம் என்பது பொய். கரடி கீழேதான் நின்றது. ஆனால் இது நடந்தது. என் ஆடுகள் மேல் சத்தியம். மலையில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் எங்கள் கலாஷ் ஆட்கள் மனைவி மேல்கூடப் பொய்ச் சத்தியம் செய்வார்கள். ஆடுகள் மேல் செய்யமாட்டார்கள்.

அப்போது நான் இளவட்டம். தங்கை வாஷ்லிமுக்குப் பதினேழு வயது. பும்புரேத் பள்ளத்தாக்கின் ஜோஷி என்னும் வசந்தத் திருவிழாவைப் பார்த்தே தீரவேண்டும் என்று குளிர்காலம் முழுக்க என்னைப் பிடுங்கி எடுத்தாள். எங்கள் பிரீர் பள்ளத்தாக்கிலிருந்து மலை ஏறி இறங்கி, திருவிழாவின் கடைசி நாள் மதியத்துக்குமேல் போய்ச் சேர்ந்தோம். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. எந்த வீட்டிலும் நுழையவில்லை. நேரே ஆடுகளம்தான்.

மத்தளக்காரன் தானோக் எங்களுக்குத் தூரத்து மச்சான் முறை. எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"பிரீர்க்காரங்களா? உங்க ஊர் ஆட்டுக்கு உங்களைவிட நல்லாத் தாளம் தெரியுமே."

"அப்போ மத்தளத்தை அதுங்ககிட்டக் குடுங்க மச்சான்," என்றாள் வாஷ்லிம். "இன்னைக்காவது அடி சரியா விழட்டும்."

களமே சிரித்தது.

பிறகு கடைசி ஆட்டம். பச்சைக் கொப்புகளை முறுக்கி நீளமாக ஒரு வடம் செய்வார்கள். ஊரே அதைப் பிடித்துக்கொண்டு ஆடும். முடியும்வரை கையை எடுக்கக்கூடாது. இடையில் விட்டவர் அடுத்த வசந்தத்தைப் பார்ப்பதில்லை. இது எங்களில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

வடத்தின் ஒரு முனையில் இடம் கிடைத்தது. எனக்கு முன்னால் வாஷ்லிம். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ஒரு முழம் வெறும் வடம் தொங்கியது, அவ்வளவுதான்.

மணி நாலரை இருக்கும். வெயில் எதிர்மலை உச்சிக்கு ஏறிவிட்டது.

ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கறுப்பு அங்கி. முதுகில் தொங்கும் சோழித் தலையணி. வெறும் முனையைப் பிடித்துக்கொண்டாள். தாமதமாக வந்தவள் என்று நினைத்தேன்.

தலையணியில் எல்லாப் பெண்களும் மஞ்சள் பூ செருகியிருந்தார்கள். இவள் செருகவில்லை.

இடுப்பில் வார் இல்லை. எங்கள் பெண்கள் வார் கட்டாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார்கள்.

ஆடினாள். தலையணியில் அத்தனை மணிகள்... ஒன்றுகூட ஒலிக்கவில்லை.

நீங்கள் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். காலைப் பார்த்தேன். இருந்தது. இரண்டும். ஈரமாக.

வாஷ்லிமின் காதருகே குனிந்தாள். எனக்கும் கேட்டது.

"நீ விடுறியா... நான் விடட்டுமா?"

வாஷ்லிம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா..."

"விடாதே."

"கை மரத்துப்போச்சு அண்ணா."

"விடாதே."

அவளைப் பிடிக்க வேண்டுமென்றால் நான் ஒரு கையை எடுக்க வேண்டும். எடுக்க முடியாது. கத்தினேன். எனக்குப் பின்னால் ஊரே பாடிக்கொண்டிருந்தது. டும்... டும்... டும்... மத்தளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவன் நானும் பாடுகிறேன் என்று நினைத்து, இன்னும் பலமாகப் பாடினான்.

வடம் ஆற்றுப் பக்கம் இழுத்தது.

குதிகாலை ஊன்றினேன். மண் வழுக்கியது.

தங்கையின் சுண்டுவிரல் பிரிந்தது.

மோதிரவிரல்...

நடுவிரல்...

பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாஷ்லிம் சட்டென்று குனிந்தாள். வடத்தைப் பல்லால் கவ்வினாள்.

இழுத்தது.

விடவில்லை.

மறுபடி இழுத்தது. அவள் உதட்டில் ரத்தம்.

விடவில்லை.

ஒரு பெருமூச்சு கேட்டது...

வடம் தொய்ந்தது. முனை தரையில் விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

ஆட்டம் முடிந்தது. எல்லோரும் கொப்புகளை வீசிவிட்டுச் சிரித்தார்கள். வாஷ்லிமுக்கு மட்டும் வாயைத் திறக்க வரவில்லை. தாடையை நான்தான் பிடித்து விலக்கினேன்.

அப்போது ஆற்றுக்கு அப்பாலிருந்து அழுகுரல் வந்தது. அங்கே இருப்பது மகப்பேறு வீடு. ஆண்கள் மிதிக்கக்கூடாத இடம். தானோக்கின் மனைவி ஷைரா இரண்டு நாளாக அங்கே வலியில் கிடந்தாளாம். நாங்கள் அவளைப் பார்த்ததே கிடையாது. அவளும் எங்களைப் பார்த்ததில்லை. குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை.

பிரசவம் பார்த்த கிழவி அக்கரையிலிருந்து கேட்டாள்.

"உங்கள்ல பிரீர்ப் பொண்ணு யாரு?"

தானோக் எங்களைப் பார்த்தான். "ஏன் பாட்டி?"

"எதையோ பிடிச்ச மாதிரி கையை இறுக்கி மூடிக்கிட்டே கிடந்தா ஷைரா. கடைசியா இதைத்தான் சொன்னா. 'அந்தப் பிரீர்ப் பொண்ணு பல்லால கவ்விக்கிட்டு விடவேமாட்டேங்குறா... சரி, நானே விட்டுடறேன்'னு."