கேரிபேக் சுவேலிம்

பறவைக்காகக் காற்றாலையை நிறுத்தச் சொல்வதற்கே ஒரு ஆள் சம்பளம் வாங்குகிறார் என்றால், எங்கள் பாலைவன ஊரான ராஸ் காரிப்பின் கடைத்தெருவில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சுவேலிம் அண்ணனைப் போல ஒரு மனுஷனை அவர்களால் காட்ட முடியுமா?

வாலிபத்தில் அவர் மலையடிவாரத்தில் ராஜாளி பிடித்து வளைகுடாப் பணக்காரர்களுக்கு விற்றவர். கடலுக்கும் மலைக்கும் நடுவே முந்நூறு காற்றாடிகள் எழும்பியபோது, வலசைப் பறவைகளைக் காக்கும் வேலைக்கு அவரையே கூப்பிட்டார்கள். "புடிச்சவனையே காவலுக்கு வச்சிருக்காங்க பாரேன்!" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வசந்தத்தில் நாரைக் கூட்டம் எங்கள் தலைக்கு மேலேதான் வடக்கே போகும். தெற்குக் குன்றில் நின்று அவர் வாக்கி டாக்கியில் சொன்னால், கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் நான் அந்தப் பக்கத்துக் காற்றாடி வரிசையை நிறுத்த வேண்டும்.

போன மார்ச்சில் அப்படித்தான் நிறுத்தினேன். வந்தது நாரையில்லை. ஊர்க் குப்பைமேட்டிலிருந்து சுழல்காற்று அள்ளி வந்த கறுப்புக் கேரிபேக்குகள்! அன்றிலிருந்து அவர் கேரிபேக் சுவேலிம். கேண்டீனில் சாப்பாடு வாங்கப் போனால், "அண்ணே, பார்சலா? பை வேணுமா?" என்பார்கள். மேலாளர் ராஃபத் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை குப்பைக்காக நிறுத்தச் சொன்னீங்க, அதோட வீட்டுக்குப் போயிருங்க" என்றார்.

அண்ணன் வீடு பெரிய குடும்பம். ராஜாளி பிடித்தால் இப்போது ஜெயில். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

ஏப்ரலில் ஒரு நண்பகல். வானமெல்லாம் ஒரே புழுதி. வாக்கி டாக்கி கரகரத்தது.

"தங்கச்சி நகாத், தெக்கே புள்ளி புள்ளியாத் தெரியுது. நிறுத்து."

"நாரையா, பையா?"

"தெரியல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியலன்னா எப்படிண்ணே? உங்க வேலை போயிரும். நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாத்துக்கிட்டு நின்னா அதுக்குள்ள வந்துரும்மா. பையா இருந்தா நான் வீட்டுக்குப் போறேன். நாரையா இருந்தா அதுங்க எங்க போகும்? நிறுத்து."

நிறுத்தினேன். ராஃபத் சார் வேகமாக வந்து என் பின்னால் நின்றார்.

கேமராத் திரையில் முதலில் வந்து தொலைந்தது ஒரு கறுப்புக் கேரிபேக். அதன் பின்னால் இன்னும் நாலைந்து. வாக்கி டாக்கியில் யாரோ, "அண்ணே, பார்சல் வந்திருச்சு!" என்று கத்தினான். ஒரே சிரிப்பு.

"ஓட்டும்மா" என்றார் ராஃபத் சார். என் விரல் பொத்தான் வரை போய்விட்டது.

"பைதான், தங்கச்சி" என்றார் அண்ணன். குரலில் நடுக்கம்கூட இல்லை. "முன்னாடி வர்றது பைதான். பின்னாடி வர்றது என்னன்னு இன்னும் தெரியல."

வேலை போகிற நேரத்தில்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷன்! "கொஞ்சம் பொறுங்க சார்" என்று விரலை எடுத்துவிட்டேன்.

பைகளைத் தூக்கிய அதே சூட்டுக்காற்றில் வட்டமடித்து ஏறியபடி, புழுதிக்குள்ளிருந்து வந்தன செங்கால் நாரைகள். திரை கொள்ளவில்லை. நின்றுபோன கத்திகளுக்கு நடுவே அவை பாட்டுக்கு வடக்கே போய்க்கொண்டே இருந்தன. ராஃபத் சார் ஜன்னலருகே போய், "யா அல்லாஹ்" என்று நின்றுவிட்டார். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அதோடு பட்டப்பெயர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அண்ணனே அதை விடவில்லை. இந்த மார்ச்சில் ஒருநாள் வாக்கி டாக்கியில் அவர் குரல் கேட்டது: "கேரிபேக் பேசறேன். நிறுத்து, தங்கச்சி."

நாரையா பையா என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினேன்.

பைதான் வந்தது. கடைசிப் பையும் தாண்டிப் போகும்வரை யாரும் சிரிக்கவில்லை. பிறகு ராஃபத் சார் என் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கினார்.

"ஓட்டலாமா, அண்ணே?" என்று கேட்டார்.