பதில் வந்துவிட்டது, புஷ்பராணி அக்கா

மூன்றாம் பாடவேளையில் என் கைப்பேசி அதிர்ந்தது. வகுப்பு நடுவே கைப்பேசியை எடுக்கும் ஆசிரியர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் திரையில் புஷ்பராணி அக்காவின் மகள் கலாவின் பெயரைப் பார்த்ததும் வாசலுக்கு வந்துவிட்டேன். "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் மலைக்குப் புறப்படக் கூடையை எடுத்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். வாகனம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் தோன்றியது, "இன்னும் பதில் வரவில்லையே" என்பதுதான்.

அது என்ன பதில் என்று அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

புஷ்பராணி அக்கா, மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தம் பதினெட்டு வயது முதல் கொழுந்து பறித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் செய்வார். வரைவார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உரப்பையை விரித்து, கோதுமை மாவில் பசை காய்ச்சி, தொழிற்சாலையில் ஒதுக்கிய தேயிலைத் தூளை அதன்மேல் அப்பி மலையை எழுப்புவார். பழைய சேலைக் கரை பாதையாகும். துருப்பிடித்த கூரைத் தகரத்தை வெட்டி ஒட்டினால் அது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பொலித்தீனைக் கிழித்து மேலே பரப்புவார், அதுதான் பனி. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எங்கள் மலை. கிட்டே போனால் வெறும் குப்பை. அதைச் சொன்னேன். "ரெண்டுந்தானே உண்மை டீச்சர்" என்று சிரித்தார்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு விண்ணப்பப் படிவம். கொழும்பில் வருடந்தோறும் நடக்கும் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். படிவம் முழுக்க ஆங்கிலம். எண்ணெய் வர்ணம், நீர்வர்ணம், சிற்பம் என்று கட்டங்கள் போட்டிருந்தார்கள். இவர் படத்தை எந்தக் கட்டத்துக்குள் திணிப்பது? 'ஏனையவை' என்பதில் அடையாளமிட்டேன். அடுத்து முகவரி. லயத்து வீட்டுக்கு இலக்கமும் கிடையாது, வீதிப் பெயரும் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கேயே கிடந்து, யாருக்காவது ஞாபகம் வந்தால் கைக்கு வரும். "ஒங்க பள்ளிக்கூடத்து வெலாசத்தப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார். அப்படித்தான் அவருடைய பதில்களெல்லாம் முதலில் என் கைக்கு வர ஆரம்பித்தன.

"எதுக்கு அக்கா இந்த ஆசை?" என்று கேட்டேன்.

"ஒரு செவுத்துல தொங்கணும் டீச்சர். கீழ எம்பேரு இருக்கணும். அவ்வளவுதான்."

முதல் வருடம் படம் கடிதத்தோடு திரும்பி வந்தது, போதாக்குறைக்குப் பூஞ்சணமும் பிடித்து. கடிதத்தை நான் மெதுவாக, பூசி மெழுகி மொழிபெயர்த்தேன்.

"சுத்தி வளைக்காதீங்க டீச்சர். வேணாங்கிறாங்களா?"

"வேணாங்கிறாங்க."

"சரி. இன்னைக்கு ஒரு நா கோவமா இருந்துக்கிறேன்" என்று எழுந்து போனார். அன்று முழுவதும் வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். மறுநாள் கூடையோடு மலை ஏறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வந்த அதே படத்தின்மேல் அடுத்த படத்தை ஒட்டத் தொடங்கினார். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க இந்த முறை பசையில் மயில்துத்தம் கலந்தார்.

இரண்டாம் வருடம், இது கைப்பணி, ஓவியம் அல்ல என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாலு பக்கத்துக்கு நறுக்கென்று ஒரு பதில் எழுதி அவரிடம் வாசித்தும் காட்டினேன். ரசித்துக் கேட்டுவிட்டு, கிழிக்கச் சொன்னார். "கொழுந்து நிறுக்கையில கணக்கப்பிள்ளை முத்துன இலையப் பொறுக்கி வீசுறாரு. எனக்கும் வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக மறுநா கூடையக் கட்டாம இருக்கேனா?" என்றார். மூன்றாம் வருடமும் வேண்டாம் என்றே வந்தது. அன்றும் ஒரு நாள் கோபமாக இருந்தார்.

நான்காம் வருடம்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன். அவருடைய கணவர் இறந்து ஒரு வாரம். பொதி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன், அதே வருத்தக் கடிதம். பாவம், இப்போது இதையும் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று அலுமாரியில் தேசப்படங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எனக்கு எவ்வளவு இளகிய மனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு கொடுக்கலாம் என்றிருந்தது நாளாக நாளாகக் கொடுக்க முடியாததாகிவிட்டது. வாரந்தோறும் வாசலில் நின்று, "பதில் வந்துருச்சுங்களா டீச்சர்?" என்று கேட்பார். இல்லை அக்கா என்பேன். எட்டு மாதம் இப்படிச் சொன்னேன்.

நவராத்திரி வாணி விழாவுக்குப் பள்ளிக்கூடத்தைச் சோடிக்க வந்தவர், காகிதம் தேடி அந்த அலுமாரியைத் திறந்தார். தம் கையால் தைத்த சாக்கு உறை அவருக்குத் தெரியாதா? எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவுங்க வேணாம்னது எனக்குப் பழகிப் போச்சு டீச்சர். வேணாம்னு வந்தாத்தானே நான் அடுத்தத ஒட்ட முடியும். எட்டு மாசம் என் கையக் கட்டிப் போட்டுட்டீங்களே."

மற்றவர்கள் மேல் ஒரு நாளோடு தீர்ந்த கோபம் என்மேல் தைப்பொங்கல் வரை தீரவில்லை. பொங்கலன்று தாமே ஒரு கிண்ணத்தில் பொங்கலும், அடுத்த படிவமும் கொண்டு வந்தார். "இனிமே ஒளிப்பீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. அவருக்குக் கிடைத்ததே ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். அவற்றில் எட்டு மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் படம் கொழுந்து நிறுக்கும் மடுவம். சேலைத் துண்டுகளாலான பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் காலடியில், பொறுக்கி வீசப்பட்ட முத்தல் இலைகள், நிஜ இலைகளே காய்ந்து ஒட்டிக் கிடக்கின்றன. அடியில் நாலு பழைய படங்கள் இருந்ததால் அதைத் தபால் கந்தோருக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு போனோம்.

கருமாதிக்கு முதல் நாள் அது பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தது. மறுநாள் அப்படியே கொண்டுபோனேன். விளக்குக்குப் பின்னால் அக்காவின் புகைப்படம் சிரித்துக்கொண்டிருந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் சுற்றி இருந்தார்கள். கலா என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்து, "என்னா டீச்சர் எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். அங்கே ஆங்கிலம் வாசிப்பவள் நான் ஒருத்திதான். எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீடே குளிர்ந்துபோயிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, படத்தை அவர் முன்னால் சாய்த்து வைத்து, எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன்.

பதில் வந்துவிட்டது, அக்கா. வேண்டாம் என்றுதான் வந்திருக்கிறது. நான் ஒளிக்கவில்லை. இன்றைக்கு ஒரு நாள் கோபமாக இருந்துகொள்ளுங்கள்.